ஏர்மேன் என்றால் விமானி இல்லை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க வான்படையின் கறுப்பினப் பிரிவுகளில் இருந்தவர்களை ‘டஸ்கீகி ஏர்மென்’ என்பார்கள். அதை ‘டஸ்கீகி விமானிகள்’ என்று எழுதுவது தமிழில் ஏறக்குறைய நிலைத்துவிட்டது. அதன் பின்னாலேயே, இரண்டாம் உலகப் போரில் பதினைந்தாயிரம் கறுப்பின விமானிகள் பறந்தார்கள் என்கிற ரீதியில் வாக்கியங்களும் வருகின்றன. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் டஸ்கீகியில் 1941 முதல் 1946 வரை பயிற்சி முடித்த விமானிகள் 992 பேர். அவர்களில் கடல் கடந்து போர்முனைக்குப் போனவர்கள் 355 பேர். மீதிப் பதினாலாயிரத்துச் சொச்சம் பேர் மெக்கானிக்குகள், ஆயுதம் பராமரித்தவர்கள், ரேடியோக்காரர்கள், பாராசூட் மடித்தவர்கள், லாரி ஓட்டியவர்கள், செவிலியர்கள், சமையல்காரர்கள். ஒரு சொல்லைத் தப்பாகப் பெயர்த்ததில் சமையல்காரர்வரை காக்பிட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சொல்லின் கதை சுருக்கமானது. ‘ஏர்’ காற்று, ‘மேன்’ ஆள். ஆங்கிலத்தில் முதலில் பறப்பவரை மட்டும்தான் அது குறித்தது. வான்படைகள் உருவான பிறகு படையில் இருக்கும் எல்லோருக்கும் பொதுப்பெயரானது. அமெரிக்க விமானப்படை 1952-ல் அதைக் கீழ்நிலை வீரர்களின் பதவிப் பெயராகவே ஆக்கியது. இந்திய விமானப்படையிலோ ஏர்மேன் என்றால் அதிகாரி அல்லாதவர். போர் விமானம் ஓட்டுபவர் அதிகாரி. அதைப் பழுது பார்ப்பவர் ஏர்மேன். ஆனாலும் ஏர்மேன் ஆள்சேர்ப்பு அறிவிப்பை ‘விமானி வேலை’ என்று தலைப்பிட்டுப் போட்டால், பிளஸ் டூ முடித்த பையன் விமானம் ஓட்டப்போகிறோம் என்றுதானே விண்ணப்பிப்பான்?

‘விமானி’ வடசொல் வழி வந்தது, அதனால்தான் இந்தக் குழப்பம், ‘வானோடி’ என்று எழுதினால் தீர்ந்தது என்று ஒரு தரப்பு சொல்கிறது. வானோடி நல்ல சொல். இலங்கைத் தமிழில் பழகிய சொல். இன்னும் பழமை வேண்டுமென்றால் ‘வலவன்’ இருக்கிறது. ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று புறநானூறே சொல்கிறது, ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ஊர்தியை. ஆனால் வானோடி, வலவன், விமானி மூன்றும் குறிப்பது ஓட்டுகிற ஒரே ஆளைத்தான். ‘டஸ்கீகி வானோடிகள்’ என்று எழுதும்போது பிழை அப்படியே இருக்கிறது, அதற்குத் தூய தமிழ்ச் சட்டை மாட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். கப்பலில் இருக்கிற அத்தனை பேரையும் நாம் மீகாமன், அதாவது கப்பல் ஓட்டுபவர், என்பதில்லை. எந்த மொழிச் சொல் என்பது இரண்டாவது கேள்வி. யாரைக் குறிக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. தனித்தமிழ் அன்பர்கள் பலர் அதைக் கேட்பதே இல்லை. ‘வானவர்’ என்று ஒரு யோசனையும் உலவுகிறது. நம் இலக்கியத்தில் வானவர் தேவர்கள். இந்திரனும் பரிவாரமும் அலபாமாவில் இறங்கிய கதையாகிவிடும்.

என் வாக்கு ‘வான்படையினர்’ என்பதற்கு. ‘படையினர்’ என்று வந்துவிட்டால் சமையல்காரரும் உண்டு, தளபதியும் உண்டு. டஸ்கீகியில் ராணுவத்தில் சேராமல் வேலை பார்த்த குடிமக்களும் இருந்தார்கள். அவர்களை ‘வான்படைத் தளப் பணியாளர்’ என்று தனியாகச் சொல்லிவிடலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் வரலாற்றிலேயே இருக்கிறது. கறுப்பினத்தவரின் முதல் விமானப் பிரிவான 99-வது ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது 1941 மார்ச் 22-ல், இல்லினாயில் உள்ள சானூட் களத்தில். அங்கே முதலில் பயிற்சிக்குப் போனவர்கள் மெக்கானிக்குகளும் மற்றத் தொழில்நுட்பக்காரர்களும்தான். டஸ்கீகியின் முதல் வகுப்பில் பதின்மூன்று பேர் சேர்ந்து, பின்னாளில் இவர்களின் தளபதியான பெஞ்சமின் டேவிஸ் உட்பட ஐந்தே பேர் தேறி வெளியே வந்தது 1942 மார்ச் 7-ல். ஆக, கறுப்பின விமானி என்று ஒருவர்கூட இல்லாமலே அந்த ஸ்குவாட்ரன் ஏறத்தாழ ஓராண்டு இருந்திருக்கிறது. ‘விமானிகள்’ என்று எழுதுகிறவர் அந்த ஓராண்டை எந்தச் சொல்லால் சொல்வார்?

தரையில் விமானத்தைப் பராமரிப்பவர்களைக் குறிக்கும் ‘கிரவுண்ட் குரூ’ படும் பாடு இன்னும் மோசம். இதைத் ‘தரைப்படையினர்’ என்று எழுதிவிடுகிறார்கள். தரைப்படை என்றால் துப்பாக்கியோடு நடந்து போகிற காலாட்படையும் பீரங்கியும். இவர்கள் கையில் இருந்ததோ ஸ்பேனர். 1944 ஜூலையில் டஸ்கீகிக்காரர்களின் 332-வது போர் விமானக் குழுவுக்கு பி-51 மஸ்டாங் போர் விமானம் வந்தபோது, இத்தாலியின் ராமிடெல்லி தளத்தில் அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். எஞ்சினில் பன்னிரண்டு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டாக இருபத்து நான்கு ஸ்பார்க் பிளக். மெதுவாகப் போகிற குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் பறக்கையில் எஞ்சினைக் குறைந்த விசையில் மணிக்கணக்காக ஓட்டினால், பெட்ரோலில் கலந்த ஈயம் பிளக்கில் படிந்து எஞ்சின் உதறும். அதனால் பிளக் மாற்றுவதும் சுத்தம் செய்வதும் ஓயாத வேலை. இறக்கைக்கு அடியில் தொங்கும் கூடுதல் பெட்ரோல் டாங்கை மாட்டி, குழாய் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உயரத்தில் போய் அந்த டாங்கிலிருந்து பெட்ரோல் வராமல் போனால் விமானி பாதியில் திரும்ப வேண்டியதுதான்.

ஆயுதம் பராமரித்தவரைத் ‘துப்பாக்கி வீரர்’ என்று எழுதுவதும் நடக்கிறது. அவர் யாரையும் சுடவில்லை. பி-51 டி வகையில் ஆறு இயந்திரத் துப்பாக்கிகளுக்குமாக 1,880 குண்டுகளைப் பட்டையாகக் கோத்து, முறுக்கில்லாமல் தட்டில் அடுக்கியவர் அவர். முந்தைய பி, சி வகைகளில் இறக்கை மெலிதாக இருந்ததால் துப்பாக்கியைச் சாய்த்துப் பொருத்தியிருந்தார்கள். வேகமாகத் திரும்பும்போது பட்டை இழுபட்டுச் சிக்கிக்கொள்ளும். ‘ஆயுதப் பராமரிப்பாளர்’ என்றால் இந்த ஆள் கண்முன் வருகிறார்.

‘குரூ சீஃப்’ என்பதைக் ‘குழுத் தலைவர்’ என்று போட்டால் படிப்பவர் கர்னல் டேவிஸை நினைத்துக்கொள்வார். உண்மையில் குரூ சீஃப் ஒரு விமானத்துக்குப் பொறுப்பான மெக்கானிக், பதவியில் பெரும்பாலும் சார்ஜென்ட். மஸ்டாங் தரையில் நிற்கும்போது மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கும். விமானிக்கு நேரே எதிரில் ஒன்றும் தெரியாது. அதனால் இறக்கையின் மேல் உட்கார்ந்து, வலப்பக்கம், இடப்பக்கம் என்று கை காட்டி ஓடுபாதை வரை கூட்டிப்போவதும் குரூ சீஃப்தான். அவருக்கு ‘விமானப் பொறுப்பாளர்’ பொருந்தும், ‘தலைமை மெக்கானிக்’ இன்னும் பளிச்சென்று புரியும். ‘பொறியாளர்’ என்று மட்டும் உயர்த்திவிட வேண்டாம், அது வேறு படிப்பு. கிரவுண்ட் குரூ மொத்தத்துக்கும் ‘விமானப் பராமரிப்பு அணி’ போதும். ‘தரைப்பணி அணி’யையும் ஏற்கலாம், ‘தரை’யோடு ‘படை’ மட்டும் சேரக்கூடாது.

பறப்பவர்கள் எல்லோருமாவது விமானிகளா என்றால் அதுவும் இல்லை. டஸ்கீகிக்காரர்களின் இன்னொரு பிரிவான 477-வது குண்டுவீச்சுக் குழுவின் பி-25 விமானத்தில் வழி கணிப்பவர் ஒருவர், குண்டு போடுபவர் ஒருவர் என்று ஆட்கள் வேறு வேறு. 1945 ஏப்ரலில் இந்தியானாவின் ஃப்ரீமன் களத்தில், அதிகாரிகள் மன்றத்தை நிறம் பார்த்துப் பிரித்த ஆணையில் கையெழுத்திட மறுத்துக் கைதானவர்கள் 101 பேர். இதை ‘101 விமானிகள் கைது’ என்று எழுதினால் தப்பு. அந்தப் போராட்டத்தில் முன்நின்ற கோல்மன் யங், பின்னாளில் டெட்ராய்ட் மேயரானவர், குண்டு போடுபவராகப் பயிற்சி பெற்றவர். ‘101 அதிகாரிகள்’ என்று எழுதுங்கள்.