அகூட்டி என்பது பழுப்பு அல்ல

ஜெர்பில் என்னும் சிறு வளர்ப்புக் கொறிவிலங்கின் இனப்பெருக்கம் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் ‘அகூட்டி’ வரும் இடமெல்லாம் ‘பழுப்பு’ என்று போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் கவனமுள்ளவர்கள் ‘காட்டு நிறம்’ என்கிறார்கள். இரண்டும் தவறு. அகூட்டி என்பது நிறத்தின் பெயரே அல்ல, ஒரு மயிரில் நிறம் மாறி மாறிப் படியும் முறையின் பெயர்.

சொல் தென் அமெரிக்கத் துப்பி-குவாரனி மொழிகளிலிருந்து வந்தது. அங்குள்ள கொறிவிலங்கு ஒன்றின் பெயர் அது. அதன் மயிரிலும் இந்தப் பட்டை உண்டு.

மயிர் முளைக்கையில் நுனிதான் முதலில் உருவாகிறது, அப்போது படிவது கறுப்பு நிறமி. பிறகு அகூட்டிப் புரதம் சுரந்து நிறமிச் செல்லின் ஏற்பியை மறிக்க, மஞ்சள் படிகிறது. சுரப்பு நின்றதும் மீண்டும் கருமை. அடி சாம்பலாக முடிகிறது. முதுகு மயிரை வாயால் ஊதி விலக்கினால் மூன்றும் தெரியும். வயிறு வெள்ளையாக இருக்கும்.

‘காட்டு நிறம்’ ஏன் ஆகாது? ஓங்கு அகூட்டி மரபணு (ஒன்று இருந்தாலே வெளிப்படுவது) காட்டு ஜெர்பிலோடு நின்றுவிடுவதில்லை. அதனுடன், இரண்டு சேர்ந்தால்தான் வெளிப்படும் ஒடுங்கு மரபணுக்களில் ‘ஜி’ இரண்டு சேர்ந்தால் மஞ்சள் பட்டை வெளிறிச் சாம்பல் அகூட்டி பிறக்கும். ஒடுங்கு ‘பி’ இரண்டு சேர்ந்தால் கருமை குறைந்து, செங்கண்ணும் பொன்முதுகுமாய் அர்ஜென்டே என்னும் நிறவகை பிறக்கும். இவற்றையும் காட்டு நிறம் என்பதா? மயிரின் நடுவே மஞ்சள் என்பதால் ‘இடைமஞ்சள்’ எனலாமென்றால், அந்த ஆக்கமும் சாம்பல் அகூட்டியிடம் தோற்கிறது.

‘பழுப்பு’ செய்யும் கேடு இன்னும் பெரிது. நட்மெக் என்னும் ஜெர்பில் நிறவகையும் பார்வைக்குப் பழுப்புதான். முதுகில் கருநுனி தெளித்ததுபோல இருப்பதால் அகூட்டி என்றே ஏமாறுவார்கள். ஆனால் அதில் ஒடுங்கு ‘ஏ’ (அகூட்டி மரபணுவின் பட்டை தராத வடிவம்) இரண்டு, கருமையைக் குறைக்கும் ஒடுங்கு ‘ஈ’ இரண்டு. வயிறு வெள்ளை அல்ல. ஒடுங்கு ‘ஏ’ ஒன்றை மறைத்து வைத்திருக்கும், ‘ஈ’யில் குறையில்லாத அகூட்டியுடன் அதைச் சேர்த்தால் குட்டிகளில் சராசரியாகப் பாதி கறுப்பு. ‘பழுப்புக்கும் பழுப்புக்கும் கறுப்பு எப்படி?’ என்று கேட்டு, வளர்ப்பவர் ஜோடியைச் சந்தேகிக்கிறார். பிழை பெயரில். மொழிபெயர்ப்பவர் படத்தைப் பார்த்து நிறத்தை எழுதுகிறார். மயிரை ஊதிப் பார்ப்பதில்லை, வயிற்றைத் திருப்பிப் பார்ப்பதுமில்லை.

‘பட்டைமயிர்’ என்பதே பொருந்தும். ‘வரிமயிர்’ வேண்டாம்; வரி என்றதும் அணிற்பிள்ளையின் முதுகு நினைவுக்கு வரும், இங்கே உடலில் கோடு கிடையாது. சாம்பல் பட்டைமயிர், பொன் பட்டைமயிர் என்று அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம். ஒடுங்கு ‘ஏ’ இரண்டும் சேர்ந்த கறுப்பு, லைலாக் (வெளிர்சாம்பல் வகை), நட்மெக் ஆகியவற்றுக்குப் பொதுப்பெயர் ‘பட்டையிலி’. ‘ஒருநிறம்’ என்றால் கறுப்புக்குச் சரி, நட்மெக்குக்குப் பொய். கறுப்புக் குட்டியின் தொண்டையிலும் பாதத்திலும் வெள்ளை இருந்தாலும் அது பட்டையிலிதான். முழு வயிற்றையும் பார்த்துப் பெயர் எழுதுங்கள்.