மான்தோல் சட்டைக்கு ஏன் புகை போட்டார்கள்?

ஆஸ்போர்ன் ரஸ்ஸல் 1834 முதல் 1843 வரை அமெரிக்காவின் ராக்கி மலைகளில் பொறி வைத்துப் பீவர் என்ற, ஓடைகளில் வாழும் மயிரடர்ந்த கொறிவிலங்கைப் பிடித்தவர். தன்னைப் போன்ற பொறிக்காரர்கள் என்ன உடுத்தினார்கள் என்பதை அவர் தன் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். கிடைத்தால் ஃபிளானல் அல்லது பருத்திச் சட்டை, கிடைக்காவிட்டால் ஆன்டிலோப் தோலில் ஒன்று. தோலில் தைத்த கால்சட்டை. அதன்மேல் கம்பளியிலோ, புகை போட்ட பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) தோலிலோ ஒரு கால் உறை. கம்பளிப் போர்வையில் வெட்டிய கோட்டு. காலுறைக்குப் பதிலாகப் பாதத்தில் சுற்றிய போர்வைத் துண்டுகள், அவற்றின்மேல் மொக்கசின் செருப்பு.

அந்தக் காலத்து உடையைத் தைத்து அணிந்து, அந்த வாழ்க்கையைச் சில நாட்கள் வாழ்ந்து பார்ப்பவர்கள் இன்றும் அமெரிக்காவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மயிர்த்தோல் வணிகர் வில்லியம் ஆஷ்லி 1825-இல் தொடங்கிவைத்து, 1840 வரை கோடைதோறும் நடந்த ‘ராண்டேவூ’ என்ற மலைச்சந்தைதான் அவர்களுக்கு அளவுகோல். 1840-க்குப் பிறகு வந்த எந்தப் பொருளும் கூடாரத்துக்குள் வரக்கூடாது என்பது பல குழுக்களின் விதி. அவர்கள் ரஸ்ஸலின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு துணி தேடுவார்கள், தோல் தேடுவார்கள். அந்தப் பட்டியலில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு சொல்: ‘புகை போட்ட’. தோலின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாமல், புகையையும் சேர்த்து ஏன் சொன்னார்?

பதில் பீவரிடம் இருக்கிறது. ஐரோப்பியத் தொப்பிக் கம்பெனிகளுக்கு வேண்டியது பீவரின் உள்மயிர். நுண்ணிய செதில்கள் உள்ள அந்த மயிர், அழுத்திப் பிசைந்தால் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு உறுதியான ஃபெல்ட், அதாவது நெய்யாத கெட்டித் துணி ஆகிவிடும். மயிர் அடர்த்தியாக இருப்பது குளிர் ஒட்டிய பருவங்களில். அதனால் பொறிக்காரர் இலையுதிர் காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் பனி உருகிய ஓடையில் இறங்கி, முழங்கால் ஆழத்தில் நின்று பொறி வைப்பார். கரையேறி, ஈரத்தோடு குதிரை ஏறுவார். நாள் முழுக்க இதே வேலை. அவர் காலில் இருக்கும் தோல் நனையும், காயும், மறுபடி நனையும்.

சாதாரணத் தோலுக்கு இது சாவு. ஏன் என்று பார்க்க, தோலுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். உயிரோடு இருக்கும்போது இழைகளுக்கு இடையே நீரும் வழவழப்பான கூழும் இருப்பதால், அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரும். உரித்த தோலைக் காயவிட்டால் நீர் வெளியேறும். வெளியேறும் நீர் தன் பரப்பு இழுவிசையால் இழைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இழைகள் நெருங்கியதும் அவற்றுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகி, எல்லாம் ஒட்டிக்கொள்ளும். தோல் பலகையாகிவிடும். பறைக்கும் மிருதங்கத்துக்கும் வேண்டியது இந்த விறைப்புதான். சட்டைக்கு ஆகாது.

இதைத் தடுக்க அந்த மண்ணின் பூர்வகுடிகள் கண்டுபிடித்த வழி அபாரமானது. ஷோஷோனி போன்ற மக்களில் இது பெரும்பாலும் பெண்களின் கைவேலை. பொறிக்காரர் பலர் அங்கேயே பெண் எடுத்தார்கள், அவர்கள் உடுத்திய தோல் உடைகளில் பெரும்பகுதி அந்த மனைவியர் பதனிட்டுத் தைத்தவை. ‘மலைமனிதன்’ என்று கதைகளில் புகழப்படும் ஆளின் தோற்றமே அந்தப் பெண்களின் அறிவு என்று சொன்னாலும் மிகையில்லை.

முதலில் தோலின் சதைப்பக்கத்தைச் சுரண்டுவார்கள். அப்புறம் மயிர்ப்பக்கத்தையும், மேலே வழவழவென்று இருக்கும் மெல்லிய படலத்தோடு சேர்த்துச் சுரண்டி எடுப்பார்கள். கடையில் வாங்கும் தோலில் அந்தப் படலம் இருக்கும், மான்தோல் உடையில் இருக்காது. அதனால்தான் அதன் இரண்டு பக்கமும் ஃபிளானல் துணி மாதிரி மெத்தென்று இருக்கும். படலம் போய்விட்டதால் அடுத்து வரும் பொருளும் இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே இறங்கும்.

அந்த அடுத்த பொருள் விலங்கின் மூளை. மூளையை வெந்நீரில் கரைத்து, அந்தப் பால் போன்ற கரைசலில் தோலை ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, திரும்ப ஊறவைப்பார்கள். கேட்கும்போது முகம் சுளிக்கத் தோன்றும், ஆனால் வேதியியல் கச்சிதமானது. ஈரத் தோலுக்குள் வெறும் எண்ணெய் எளிதில் போகாது. நீர் அதைத் தள்ளிவிடும். மூளையில் கொழுப்போடு லெசித்தினும் இருக்கிறது. அதன் மூலக்கூறில் ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை கொழுப்பை விரும்பும். ஆகவே கொழுப்பு பொடிப்பொடித் துளிகளாக நீரோடு கலந்து இழைகளின் இடைவெளி வரை போய்ச் சேர்கிறது. நீர் காய்ந்தபின் கொழுப்பு மட்டும் இழைகளின்மேல் தங்கிவிடும்.

இதோடு வேலை முடியாது. தோல் காயக் காய அதை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டிய கயிற்றில் மாட்டி முன்னும் பின்னும் தேய்ப்பார்கள், இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுப்பார்கள். ஒட்டப் பார்க்கும் இழைகளை ஒவ்வொரு இழுப்பும் பிரித்துவிடும். பாதியில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் விறைக்கும். கழுத்துப் பகுதி தடிமனானது, கடைசியில்தான் காயும். கைக்குக் காய்ந்ததுபோல் இருக்கும், கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும். அந்தச் சில்லிப்பு இருக்கும்வரை இழுப்பை விடக்கூடாது. முடிவில் கையில் இருப்பது பால்வெள்ளையான, நம்ப முடியாத அளவுக்கு மிருதுவான தோல்.

ஒரு மழை போதும், அது திரும்பவும் பலகையாகிவிடும். கொழுப்பு இழைகளைப் பூசியிருக்கிறதே தவிர, அவற்றை மாற்றவில்லை. நீர் புகுந்து, யாரும் இழுக்காமல் காய்ந்தால் பழைய கதைதான்.

இங்கேதான் புகை வருகிறது. இரண்டு தோல்களைப் பை மாதிரி சேர்த்துத் தைத்து, சிறு குழியின்மேல் வாய் கீழே இருக்கும்படி தொங்கவிடுவார்கள். குழியில் தணலின்மேல் இற்றுப்போன மரத்தூள். தீ நாக்கு வரவே கூடாது, புகை மட்டும் வேண்டும். மரம் சரியாக எரியாமல் புகையும்போது ஃபார்மால்டிஹைடு முதலான ஆல்டிஹைடுகள் வெளிவரும். கொலாஜனில் லைசின் என்ற அமினோ அமிலம் ஆங்காங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆல்டிஹைடு ஓர் இழையின் லைசினையும் பக்கத்து இழையின் லைசினையும் பிடித்து நடுவில் பாலம் போடுகிறது. இது ஹைட்ரஜன் பிணைப்பு மாதிரி வந்து போவதல்ல, நிலையான வேதிப்பிணைப்பு. இழைகள் ஓர் இடைவெளியில் நிலைத்துவிடுவதால், நனைந்து காய்ந்தாலும் முன்போல் நெருங்கி ஒட்ட முடியாது. வெள்ளைத் தோல் மஞ்சளாகி, பொன்னிறமாகி, பழுப்பாகும். அப்புறம் பையை உள்வெளியாகத் திருப்பி மறுபக்கத்துக்கும் புகை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: புகை போட்ட தோல் நீர்புகாத தோல் அல்ல. அது நன்றாகவே நனையும். காய்ந்தபின் மிருதுத்தன்மைக்குத் திரும்பும் என்பதுதான் அதன் சிறப்பு. பூர்வகுடிகளின் தோல் கூடாரத்தில் உச்சித் தோல் மாதக்கணக்கில் அடுப்புப்புகையில் ஊறியது. பழைய கூடாரத்தின் அந்தத் துண்டுகளைத் தேடி எடுத்து மொக்கசினும் கால் உறையும் தைத்ததன் காரணம் இதுவே. ரஸ்ஸலின் சொல்லுக்கு விடை கிடைத்துவிட்டது.

சரி, இன்று இந்த உடையைச் சேர்க்க நினைப்பவர் என்ன செய்வார்? கடையில் ‘ஸ்வேட்’ என்ற மெத்தென்ற பரப்புள்ள தோல் மலிவாகக் கிடைக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான். வெட்டிய விளிம்பைக் கவனித்தால் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறக் கோடு தெரியும், அது பதனிடப் பயன்படுத்திய குரோமிய உப்பு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ‘வெட் ப்ளூ’ என்று சொல்லும் தோலின் நிறம் அது. ஆகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் முறைக்குக் காப்புரிமை வாங்கியது 1884-இல், மலைச்சந்தைகள் முடிந்து 40 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. என் யோசனை: மூளையில் பதனிட்ட தோலுக்குப் பணம் போதாவிட்டால், மீன் எண்ணெயில் பதனிட்டதை வாங்கலாம். காட் மீன் எண்ணெய் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும்போதும் ஆல்டிஹைடுகள் பிறக்கின்றன. வேதியியல் ரீதியாக அது புகைக்கு உறவுமுறை.

தோலின் ஓரங்களில் தொங்கும் குஞ்சங்கள் மழைநீரை வடித்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். நனைந்த தோலின் ஈரம் முழுவதையும் சில நூறு வார்கள் வடித்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அலங்காரமும், அவசரத்துக்கு அறுத்துக் கட்ட ஒரு வாரும் என்றால் ஒப்புக்கொள்ளலாம்.

ரஸ்ஸல் கால் உறைக்குக் கம்பளியையும் சொல்கிறார். கம்பளி இழை தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நீராவியை உள்ளே வாங்கியும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது, வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளியிடும். இழையின் சுருள்கள் காற்றைப் பிடித்து வைப்பதால் நனைந்தாலும் ஓரளவு கதகதப்பு மிஞ்சும். தீப்பொறி விழுந்தால் கருகி அணையும், பருத்தி மாதிரி பற்றிக்கொண்டு ஓடாது. இரவெல்லாம் தணல் ஓரம் படுப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. கோட்டுக்கு இங்கிலாந்தின் விட்னியில் நெய்த போர்வைகள் பேர்போனவை.

சட்டை விஷயத்தில் ஆண்டுதான் எல்லாம். 1770-களின் கென்டக்கி வேட்டைக்காரர் என்றால் லினன். 1793-இல் எலி விட்னியின் பஞ்சு பிரிக்கும் எந்திரம் வந்தபின் பருத்தி மலிந்தது, எனவே 1830-களுக்குப் பருத்தி பொருந்தும். பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டது 1856-இல். ஆகவே நிறம் அவுரியிலிருந்தோ, மஞ்சிட்டி வேரிலிருந்தோ, வால்நட் தோட்டிலிருந்தோ வந்ததாக இருக்கட்டும். வெள்ளைத் துணியிலும் ஒரு பொறி உண்டு. இன்றைய வெள்ளையில் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழும் வேதிப்பொருள் கலந்திருக்கிறது. அந்தி நேரத்தில் மற்றவர்களின் சட்டைகள் மங்கும், இது மட்டும் பளிச்சென்று தனித்து நிற்கும். வெளுக்காத துணியை வாங்குவது நல்லது. தையல் கையால்தான், எலியஸ் ஹோவின் தையல் எந்திரக் காப்புரிமை 1846-இல்தான் வந்தது.

உடை எப்படி உடலில் விழுந்தது என்பதற்கு ஆல்ஃபிரட் ஜேக்கப் மில்லர் வரைந்தவை இருக்கின்றன. அவர் 1837-ஆம் ஆண்டுச் சந்தைக்கு நேரில் போனவர். அவருடைய 200 நீர்வண்ண ஓவியங்கள் பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன, ஆனால் அவை 20 ஆண்டுகள் கழித்து ஒரு வாடிக்கையாளருக்காக வரைந்து கொடுத்தவை. தையல் விவரத்துக்குக் களத்தில் தீட்டிய அவசரக் கோட்டோவியங்களையே நம்புவேன்.

எல்லாம் தைத்து முடித்தபின், கூட்டத்துக்குப் போகும் முன்பே உடையை ஒருமுறை ஓடையில் நனைத்துவிடுவது உத்தமம். ஈரத்தோடு உடலில் போட்டு நடந்தால் முட்டியும் முழங்கையும் தத்தம் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். தீக்குப் பக்கத்தில் மட்டும் காயவைக்கக் கூடாது. பதனிடாத கொலாஜன் ஈரத்தில் 60–65 டிகிரி செல்சியஸிலேயே சுருண்டு குறுகிவிடும், புகை அந்த எல்லையை ஓரளவுதான் உயர்த்துகிறது. நிழலில், காற்றில் காயவிட்டு, கையால் கசக்கிவிட்டால் போதும். அப்படியும் ஏதாவது ஓர் இடம் விறைத்து நின்றால் அங்கே புகை சரியாக ஏறவில்லை என்று அர்த்தம், தையலைப் பிரித்து அந்தத் துண்டை மறுபடி குழியின்மேல் தொங்கவிட வேண்டும்.