பெர்லின் சுவர் ஏன் இடியவில்லை?

2000ஆம் ஆண்டு லண்டனில் நடந்த உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியில், 15 ஆண்டுகளாகப் பட்டத்தைத் தக்கவைத்திருந்த காஸ்பரோவை விளாதிமிர் கிராம்னிக் 8.5–6.5 என்ற கணக்கில் வென்றார். காஸ்பரோவால் ஓர் ஆட்டத்தில்கூட வெல்ல முடியவில்லை. கறுப்புக் காய்களுடன் கிராம்னிக் நான்கு முறை ஆடிய, ‘பெர்லின் சுவர்’ என்று செல்லமாக அழைக்கப்படும் பெர்லின் தற்காப்பு அதற்குப் பெரிய காரணம். அந்த நான்கு ஆட்டங்களும் சமனில் முடிந்தன.

ரூய் லோபஸ் எனப்படும் தொடக்க முறையில் வெள்ளையின் மந்திரி பி5 கட்டத்துக்கு வந்ததும், கறுப்பு தன் இன்னொரு குதிரையை எஃப்6இல் இறக்குவதுதான் இந்தத் தற்காப்பு. அடுத்த சில நகர்வுகளில் அந்த மந்திரி சி6இல் உள்ள குதிரையை வெட்டிவிட்டுத் தானும் வெட்டுப்படுகிறது. எட்டாவது நகர்வில் ராணிகள் இரண்டும் பலகையை விட்டுப் போகின்றன. கறுப்பு ராஜா கோட்டை கட்டும் (யானையுடன் சேர்ந்து ஒரே நகர்வில் ஓரமாக ஒதுங்கும்) உரிமையை இழந்து நடுப்பலகையில் நிற்கிறது. முதல் பார்வைக்குக் கறுப்பின் நிலை பரிதாபமானது. ராஜா பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு சிப்பாய்கள், கறுப்புக்கு மூன்று. மறுபக்கம் கறுப்புக்கு நான்கு இருந்தாலும், அவற்றில் இரண்டு சி வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் தடையின்றி ஓடக்கூடிய ஒரு சிப்பாயை உருவாக்குவது மிகக் கடினம். மற்ற காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால், பொதுவாக வெள்ளைக்கே வெற்றி.

ஆனால் அவ்வளவு காய்களை வெட்டித் தீர்ப்பது எளிதல்ல. ராணி இல்லாததால் நடுவில் நிற்கும் ராஜாவைத் துரத்த வழியில்லை. தாக்குதலில் நிகரற்ற காஸ்பரோவுக்கு இது கையைக் கட்டிப்போட்டது போல. இதைவிட முக்கியமானது, என் கணிப்பில், வெள்ளை இழந்த அந்த மந்திரி. அது வெண்கட்டங்களில் மட்டுமே செல்வது. அது போனபின் இ6, எஃப்5 போன்ற வெண்கட்டங்களுக்காகப் போராட வெள்ளையிடம் மந்திரி இல்லை. கறுப்பிடமோ இரண்டு மந்திரிகளும் இருக்கின்றன. இ5 வரை முன்னேறிய வெள்ளைச் சிப்பாய் கருங்கட்டத்தில் நின்று, தன் பக்கத்தில் மிஞ்சிய மந்திரியின் பாதையையே மறிக்கிறது.

2013இல் சென்னையில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ஆனந்துக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் கார்ல்சன் இதே தற்காப்பை ஆடினார். 18ஆவது நகர்வில் அவருடைய வெண்கட்ட மந்திரி பலகையின் ஓரத்துக்கே சென்று ஏ2 சிப்பாயை வெட்டியது. ஒரு சிப்பாய் குறைந்த நிலையில் ஆனந்த் விடாமல் போராடி, 64 நகர்வுகளில் ஆட்டத்தைச் சமன் செய்தார்.