சித்திரப் படாம்: 'ஆர்ட் குவில்ட்' என்பதற்கு ஒரு பூம்புகார்ச் சொல்

புகைப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, கணினியில் அதன் நிறங்களை நாலைந்தாகக் குறைத்து, ஒவ்வொரு நிறத் திட்டுக்கும் ஒரு துண்டுத் துணி வெட்டி ஒட்டி, நடுவில் பஞ்சும் அடியில் இன்னொரு துணியும் வைத்து, மூன்றும் சேரத் தைத்தால் வருவது 'ஆர்ட் குவில்ட்' என்பதில் ஒரு வகை. போர்த்திக்கொள்வதற்கில்லை, சுவரில் மாட்டுவதற்கு. தள்ளி நின்றால் படம். கிட்டே வந்தால் ரவிக்கைத் துணியும் வேட்டிக் கரையும்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? குவில்ட் என்று தேடினால் மெத்தை, பஞ்சு வைத்துத் தைத்த போர்வை என்று வரும். கடையில் ரஜாய் என்பார்கள், அது வடக்கிலிருந்து வந்த சொல். காவிரிப் படுகையில் இந்தப் பொருளுக்கே பெரிய வேலை இருந்ததில்லை. மார்கழிப் பனிக்கு ஒரு துப்பட்டி போதும். பிள்ளை பிறந்த வீட்டில் பழைய சேலையை நாலாக மடித்து ஓரம் தைத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். பொருள் இல்லாத இடத்தில் பெயரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்த்தால் 'மெத்தை' அப்படியொன்றும் தப்பில்லை. லத்தீனில் 'குல்கிதா' என்றால் மெத்தை, திண்டு. அது பழைய பிரெஞ்சில் 'குயில்த்' என்றாகி, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் கீழே விரிப்பதற்குப் பெயராக இருந்தது, பிறகு மேலே போர்த்துவதற்கு ஆனது. கடைசியில் விரிப்பதோ போர்த்துவதோ முக்கியமில்லை, அடுக்குகளைச் சேர்த்துத் தைத்திருந்தால் அது குவில்ட் என்றாகிவிட்டது. அதில் படம் போடுவதும் நேற்று வந்ததல்ல. 14ஆம் நூற்றாண்டில் சிசிலியில் தைத்த, டிரிஸ்டன் என்ற வீரனின் கதையைச் சொல்லும் விரிப்பு லண்டனிலும் ஃபுளோரன்ஸிலும் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஹேரியட் பவர்ஸ் 1880களிலும் 90களிலும் விவிலியக் காட்சிகளைத் துணி வெட்டி ஒட்டித் தைத்தார். அவர் கையால் தைத்தவற்றில் இரண்டுதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் கட்டில் விரிப்புகளை ஓவியம்போலச் சுவரில் மாட்டியது. 1979இல் ஒஹாயோ மாநிலத்தில் இதற்கென்றே ஒரு கண்காட்சி தொடங்கியது. 'ஆர்ட் குவில்ட்' என்ற பெயர் அதற்குப் பின்னால்தான் நிலைத்தது.

சரி, நம் பக்கம். முதலில் நினைவுக்கு வருவது 'கந்தை'. வடமொழி 'கந்தா'தான் இங்கே கந்தை, வங்காளத்தில் 'காந்தா'. அங்கே பழைய சேலைகளை அடுக்கி, ஓட்டுத் தையலில் பூவும் மீனும் யானையும் வரைகிறார்கள், காந்தா என்றால் பெருமை. இங்கே 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்ற பழமொழியோடு சொல் நின்றுவிட்டது. இலக்கணப்படி மிகப் பொருத்தமான சொல்தான். ஆனால் மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்ததை 'என் கந்தை' என்று யாரிடம் காட்டுவது?

அடுத்தது 'ஒட்டு'. துணிமேல் துணி வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலைக்கு இது சரியான சொல். அப்ளிக் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கும் 'மேலே பொருத்தியது' என்றுதான் பொருள். தஞ்சாவூர்ப் பக்கம் இந்த வேலை தேரோடும் கோயிலோடும் வளர்ந்தது. சிவப்புத் துணிமேல் மஞ்சள், பச்சை, வெள்ளையில் யாளியும் அன்னமும் வெட்டி வைத்துத் தைப்பார்கள். தேரில் உருளையாகத் தொங்குவது தொம்பை. நெல் கொட்டிவைக்கும் உயரமான கூடைக்கும் தொம்பை என்றுதான் பெயர், இரண்டுக்கும் உருவம் ஒன்று. மேலே விதானமாகக் கட்டுவது அஸ்மானகிரி, அதற்குள்ளே வானத்தைக் குறிக்கும் 'ஆஸ்மான்' என்ற பாரசீகச் சொல் இருக்கிறது. கோடாலிக் கருப்பூர் கலம்காரிக்காரர்கள் இதே தொம்பையையும் அஸ்மானகிரியையும் தைக்காமல் தீட்டியே செய்தார்கள். கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் 'ஒட்டு' என்பது செய்முறையில் ஒரு பகுதிக்குத்தான் பெயராகும். நடுப் பஞ்சும் மூன்றையும் ஊடுருவும் தையலும் அதில் வராது. மாங்கன்றுக்கும் ஒட்டு என்போம், தேர்தல் நேரத்தில் 'ஓட்டு' வேறு வந்து குழப்பும்.

பெயருக்கு முன்னால் வேலையைக் கொஞ்சம் பார்ப்போம், எந்தச் சொல் பொருந்தும் என்பது அங்கேதான் தெரியும். திருவையாற்றுப் பக்கம் குறுவை நடவில் எடுத்த படம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். குனிந்து நிற்கும் நாலு பெண்கள், சேற்றுநீரில் வானம். முதலில் வேண்டாத மின்கம்பத்தையும் பாதி ஆளையும் வெட்டி எறியுங்கள். பிறகு நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். அப்புறம் 'போஸ்டரைஸ்' என்ற கட்டளை. நூற்றுக்கணக்கான சாம்பல் நிழல்களை அது ஐந்து படிகளாக ஆக்கிவிடும். அந்தப் படி ஒவ்வொன்றுக்கும் 'நிழற்படி' என்று சொல்லிப் பார்க்கிறேன், காதுக்கு உறுத்தவில்லை. படிகளைக் கூட்டினால் படம் அழகாகத்தான் தெரியும், ஆனால் வெட்டும்போது கடுகளவுத் துண்டுகள் வந்து உயிரை வாங்கும். ஐந்தே போதும். சின்னத் திட்டுகளை அழித்துப் பக்கத்துத் திட்டோடு சேர்த்துவிடுங்கள்.

கட்டட வரைபடம் அச்சிடும் கடையில் ஏ1 தாளில் எடுத்தால் சுமார் இரண்டடிக்கு இரண்டே முக்கால் அடி கிடைக்கும். இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் பசைத்தாளைத் துணியின் பின்பக்கம் வைத்து வரைவதால் எல்லாம் இடவலம் மாறித்தான் வரும். ஆகவே அச்சுக்கு முன்பே கணினியில் படத்தைப் புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் காவிரி மேற்கே ஓடும்.

துணி பொறுக்குவதுதான் உண்மையான ஓவிய வேலை. இங்கே நிறத்தைவிடக் கருமைதான், அதாவது துணி எவ்வளவு இருட்டாக அல்லது வெளிச்சமாகத் தெரிகிறது என்பதுதான் முக்கியம். நடவுப் பெண்ணின் சேலையை நீலத்தில் வைத்தாலும் குங்கும நிறத்தில் வைத்தாலும் படம் நிற்கும், நிழற்படி பிசகினால் மட்டும் முதுகு வயிறாகிவிடும். அரக்கும் கரும்பச்சையும் கண்ணுக்கு வேறு வேறு, கருமையில் ஒன்றாகவே இருக்கக்கூடும். சந்தேகமிருந்தால் துணிகளை வரிசையாகப் பரப்பிக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள், தெரிந்துவிடும். திருபுவனம் பட்டில் மிஞ்சிய துண்டு நீரில் விழுந்த வெளிச்சத்துக்கு அருமையாக அமையும், ஆனால் வெட்டிய இடமெல்லாம் நூல் பிரியும். அதனால் பசைத்தாளை ஒட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். பாலியஸ்டர் கலந்த துணிமேல் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்க வேண்டாம், நடுவில் ஒரு பருத்தித் துணி போடுங்கள்.

துண்டுகள் ஒட்டியதும் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கிப் பெரிய பெரிய தையலாக ஓட்டி வைக்க வேண்டும். இதற்குத் தையற்காரர் வாயில் தயாராக ஒரு சொல் இருக்கிறது: இழையோட்டுவது. கடைசியில் பிரித்துவிடும் தையல் அது. அதற்குமேல் போடும் நிலையான தையல்தான் குவில்ட்டின் உயிர். நீர் வரும் இடத்தில் படுக்கைக் கோடாகவும் நாற்று வரும் இடத்தில் நெட்டுக் கோடாகவும் தைத்தால், துணி மேடுபள்ளமாகி நிழலைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். மூன்றுக்கும் ஊடே போவதால் 'ஊடுதையல்' எனலாம்.

இப்போது பெயருக்கு வருவோம். 'படம்' என்ற சொல்லுக்கே பழைய பொருள் துணி. துணியில் எழுதிய சித்திரத்தையும் படம் என்றார்கள். துணி போய்ச் சித்திரம் மட்டும் தங்கி, இன்று சினிமாவும் படம், கைபேசியில் எடுப்பதும் படம். வடமொழி 'பட' என்பதோடு இதற்கு உறவு உண்டு. யார் யாரிடம் வாங்கினார்கள் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. புகைப்படத்தைக் குவில்ட் ஆக்குகிறவர் படத்தைப் பழையபடி துணிக்கே கொண்டுபோகிறார். அதனால்தான் 'துணிப்படம்' என்று பெயர் வைத்தால் ஒன்றையே இரண்டு முறை சொல்வதுபோல் இருக்கிறது.

இன்னொரு பழைய சொல் 'கிழி'. புகார் நகரத்தின், அதாவது காவிரிப்பூம்பட்டினத்தின், மருவூர்ப்பாக்கத்தைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் 'துன்னகாரர்' என்று தையற்காரரைக் குறிப்பிடுகிறது, 'கிழியினும் கிடையினும்' கைவேலை செய்வோரையும் சேர்த்துக்கொள்கிறது. கிழி துணி, கிடை நெட்டி. நெட்டி வேலை இன்றும் தஞ்சாவூரில் நடக்கிறது. பனைமடல் குதிரையில் ஏறித் தன் காதலை ஊரறியச் சொல்ல, அதாவது மடலேறப் போகும் தலைவன் காதலியின் உருவம் எழுதிய கிழியைக் கையில் பிடித்துப் போவான் என்பது அகப்பாட்டு மரபு. அழகான சொல், ஆனால் காலம் அதைக் கெடுத்துவிட்டது. பொற்கிழியில் மட்டும் மானத்தோடு பிழைக்கிறது. 'ஒரு கிழி தைத்தேன்' என்றால், கிழிந்ததைத் தைத்தாய் என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

மிஞ்சுவது 'படாம்'. புகாரின் உவவனம் என்ற பூஞ்சோலை எப்படியிருந்தது என்று சொல்லவந்த மணிமேகலை, 'சித்திரச் செய்கைப் படாம் போர்த்ததுவே ஒப்பத் தோன்றிய உவவனம்' என்கிறது. தேர்ந்தவர் கைவினையில் உருவான சித்திரத் துணியைப் போர்த்ததுபோல் பூங்காடு தெரிந்ததாம். சித்திரம், கைவேலை, துணி, போர்வை என்று நமக்கு வேண்டியதெல்லாம் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. அந்தப் படாம் தைத்ததா தீட்டியதா என்று வரி பிரித்துச் சொல்லவில்லை, 'செய்கை' என்று பொதுவாக விட்டுவிட்டது. பஞ்சு வைத்தது என்று சொல்லவும் இடமில்லை. ஆனாலும் சுவரில் மாட்டும் ஆர்ட் குவில்ட்டுக்குச் 'சித்திரப் படாம்' என்பதைவிடப் பொருத்தமாக எனக்கு வேறொன்று படவில்லை.

பஞ்சையும் பெயரில் காட்டியே தீரவேண்டும் என்பவர்கள் 'மெத்தைப் படாம்' எனலாம், கொஞ்சம் கனமாக இருக்கும். படம் இல்லாமல் கட்டம் கட்டமாகத் தைத்த கட்டில் விரிப்புக்குச் 'சித்திர' வேண்டாம், அதற்கு 'ஒட்டுப் படாம்' போதும். இதெல்லாம் எழுதும்போதும் கண்காட்சியில் பெயர்ச்சீட்டு வைக்கும்போதும். கும்பகோணத்தில் தையல் கடைக்குப் போனால் 'பேட்ச் வொர்க்' என்றே கேளுங்கள், படாம் என்றால் பாதாம் வாங்க மளிகைக் கடைக்கு வழிகாட்டிவிடுவார்கள்.