காக் கிஃப்ட்: குறும்புப் பரிசு

பயன்படட்டும் என்று கொடுப்பதல்ல, பிரித்ததும் சிரிப்பு வரட்டும் என்றே கொடுப்பது காக் கிஃப்ட் (gag gift). டயட்டில் இருப்பவரைச் சீண்டத் தருவதும் அதில் ஒரு வகை. காக் கிஃப்ட், டயட் இரண்டையும் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று பார்ப்போம். ஆங்கில ஒலிப்பை நம்பி ‘கேக் கிஃப்ட்’ என்று எழுதினால் பேக்கரியில் வாங்கியதாகிவிடும். டயட்டில் இருப்பவருக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை.

‘காக்’ என்பதற்குத் தொண்டையை நெரித்தல், வாயை அடைத்தல் என்பவை பழைய பொருள்கள். 19-ஆம் நூற்றாண்டு மேடையில், எழுதித் தந்த வசனத்தில் இல்லாததை நடிகர் தாமே செருகுவதும் ‘காக்’ எனப்பட்டது. வாயில் துணியைத் திணிப்பதுபோல வசனத்தில் திணித்தது என்பார்கள். அப்படித்தான் அது சிரிப்புத் துணுக்கைக் குறிக்கும் சொல்லாயிற்று.

இத்தகைய பரிசுகள் விற்பதைப் பெருந்தொழிலாக்கியவர்களில் ஒருவர், டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த சோரன் சோரன்சன் ஆடம்ஸ். தும்மல் பொடி விற்றுத் தொடங்கினார். டப்பாவைத் திறந்தால் துள்ளி வரும் சுருள்கம்பிப் பாம்பும் அவர் சரக்குதான்.

டயட்டைச் சீண்டும் பரிசுகளில் எனக்குப் பிடித்தது ஃபிரிட்ஜ் பன்றி. உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் பொம்மை அது. கதவைத் திறந்து வெளிச்சம் பட்டதும் உறுமும். நள்ளிரவில் மிச்சமிருக்கும் அல்வாவைத் தேடிப் போகிறவர் கையும் களவுமாக மாட்டிக்கொள்வார். மாத்திரைக் குப்பியில் மிட்டாயை நிரப்பி ‘டயட் மாத்திரை’ என்று தருவதெல்லாம் இதன் கால்தூசு பெறாது.

‘டயட்’ என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தின் ‘டியாயிட்டா’. வாழும் முறை என்று பொருள். உணவு என்று சுருங்கியது பிறகுதான். தமிழில் ‘பத்தியம்’ இருக்கிறது, ஆனால் அது மருந்தோடும் பிள்ளை பெற்றவளோடும் ஒட்டிக்கொண்ட சொல். இளைப்பதற்காக வாயைக் கட்டுவதற்கு ‘உணவுக் கட்டுப்பாடு’ பொருந்தும்.

காக் கிஃப்ட்டுக்குக் ‘கேலிப் பரிசு’, ‘வேடிக்கைப் பரிசு’ என்றும் சொல்லலாம். வேடிக்கையில் சீண்டல் போதாது. கேலியிலோ அது மிகுதி, அதிலும் உடம்பைப் பற்றியது என்றால் சுருக்கென்று தைக்கும். பரிசைப் பெறுகிறவரும் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்பதால் ‘குறும்புப் பரிசு’ என்பதே என் தேர்வு. அந்தப் பன்றியையே மாமியார் கொண்டுவந்து வைத்தால் என்ன பெயர் என்பதை மருமகளிடம்தான் கேட்க வேண்டும்.

சொல்தான் புதிது, வழக்கம் நம்மிடமும் உண்டு. 2021-இல் சென்னைத் திருமணம் ஒன்றில் மணமக்களுக்கு நண்பர்கள் எரிவாயு சிலிண்டரும் பெட்ரோலும் வெங்காய மாலையும் பரிசளித்தது செய்தியானது. அங்கே சீண்டப்பட்டது மணமக்கள் அல்ல, விலைவாசி.