இல்லத்துச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் எதற்குப் பொறுப்பேற்கிறது?

கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளை 18 வயதைத் தாண்டிவிட்டான், பெற்றோருக்கும் வயதாகிவிட்டது. தங்கிப் பராமரிக்கும் ஓர் இல்லம் தேடுகிறார்கள். பினாங்கில் இப்படித் தேடுபவர்கள் முதலில் கேட்பது "பதிவு இருக்கா?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால் அந்தப் பதிவு எதுவரை காப்பாற்றும் என்பதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கிப் பராமரிக்கப்படும் இடம் ஜேகேஎம் எனும் சமூக நலத் துறையில் பதிவு பெற வேண்டும் என்பது 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம். ஆக்டா 506 என்றால் அதிகாரிகளுக்கு உடனே புரியும். கட்டணம் வாங்கினாலும் தர்மத்துக்கு நடத்தினாலும் விதி ஒன்றுதான். மூன்று பேரை மட்டும் வைத்துப் பார்க்கும் வீடு இதில் வராது. ஆகவே "சின்ன இடம், குடும்பம் மாதிரி" என்று யாராவது சொன்னால், இப்போது எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பதிவு கிடைக்க போம்பா எனும் தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை, ஊராட்சி மன்றம் ஆகியவற்றின் ஆதரவு தேவை. தீவில் அது பினாங்குத் தீவு மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம். சான்றிதழில் காலாவதித் தேதியைப் பாருங்கள். முதியோருக்கா, பிள்ளைகளுக்கா, மாற்றுத்திறனாளிகளுக்கா, எத்தனை பேருக்கு அனுமதி என்பதையும் கேளுங்கள். முதியோருக்கென்று பதிவு வாங்கிவிட்டு 25 வயதுப் பையனையும் சேர்த்துக்கொள்ளும் இடத்தில், அவனுக்கு அங்கே பகல் முழுக்கத் தொலைக்காட்சிதான்.

ஆக, தீயணைப்பான், கழிவறை, வாசல் வழி எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்குச் சான்றிதழ் ஆதாரம். இரவு இரண்டு மணிக்கு உங்கள் மகள் கத்தினால் யார் எழுந்து வருவார் என்பது அதில் இல்லை. சட்டத்திலும் இடைவெளி உண்டு. 2001ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் 18 வயதோடு முடிகிறது. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இயலாத பெரியவர்களையும் காக்கிறது, ஆனால் குடும்பத்துக்குள் நடப்பதற்கு மட்டும். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உரிமைகள் அழகாக எழுதப்பட்டிருக்கின்றன. மீறினால் தண்டனை என்று ஒன்றும் இல்லை.

அதனால் நீங்களே நேரில் பார்க்க வேண்டியது நிறைய. சொல்லாமல் ஒருமுறை மாலை ஆறரைக்குப் போங்கள். சாப்பாடு, குளியல், மருந்து மூன்றும் ஒன்றாக வரும் நேரம் அது. ஆள் பற்றாக்குறை அப்போது வெளியே தெரிந்துவிடும். மருந்து அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் கொடுத்தவர் கையெழுத்து இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கும் ஒரே பேனா, ஒரே கிறுக்கல் என்றால் மொத்தமாக உட்கார்ந்து போட்டது. ரிஸ்பெரிடோன் மாதிரி நடத்தையை அடக்கும் மாத்திரை கொடுக்கப்பட்டால், எந்த மருத்துவர் எழுதினார், கடைசியாக எப்போது மறுபரிசீலனை செய்தார் என்று கேளுங்கள். பேச்சு வராத ஒருவர் திடீரென்று தலையை மோதினாலோ கையைக் கடித்தாலோ, முதலில் பார்க்க வேண்டியது பல், காது, மலச்சிக்கல். இதைப் பார்க்காமல் மாத்திரையைக் கூட்டும் இடம் சரியில்லை.

வலிப்பு உள்ளவரைத் தனியாகத் தாழ்ப்பாள் போட்டுக் குளிக்க விடக்கூடாது. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999ஐ அழைக்க வேண்டும். இதை மேலாளரிடம் கேட்காதீர்கள், இரவுப் பணியாளரிடம் கேளுங்கள்.

மொழி இன்னொரு சிக்கல். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்தவருக்குப் பல இடங்களில் பணியாளர் மலாய்தான் பேசுவார். ஒரு தாளில் இருபது சொற்களை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதி, மலாய் அர்த்தத்தோடு கட்டில் பக்கத்தில் ஒட்டுங்கள்: "நோவுது" என்றால் சாகிட், "மூச்சா" என்றால் கென்சிங், "மம்மம்" என்றால் மாக்கான். அவர் சொற்களை எப்படி உச்சரிக்கிறாரோ அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவார், எந்தத் தட்டில் மட்டும் சாப்பிடுவார் என்பதும் அதே தாளில். சாப்பாட்டை விழுங்கச் சிரமம் உண்டென்றால் முதல் வரியில் எழுதுங்கள்.

இனி காகித வேலை. ஓகேயு கார்டு எனும் மாற்றுத்திறனாளி அட்டையை இன்னும் எடுக்காவிட்டால் இப்போதே எடுங்கள், கட்டணம் இல்லை. ஆட்டிசத்துக்குத் தனிப் பிரிவு கிடையாது, கற்றல் குறைபாட்டுப் பிரிவில்தான் வரும். விண்ணப்பப் பாரத்தில் மருத்துவரின் உறுதிப்பாடு வேண்டும். மாவட்ட நல அலுவலகத்திலோ, எஸ்மோகேயு எனும் ஓகேயு பதிவு இணையத்தளத்திலோ செய்யலாம். பட்டர்வொர்த் இருப்பது செபராங் பிறை வடக்கு மாவட்டத்தில், பிறை இருப்பது செபராங் பிறை மத்திய மாவட்டத்தில். மாறிப் போய் அரை நாள் வீணாக்குவோர் உண்டு. கார்டு இருந்தால் அரசாங்க மருத்துவமனைக் கட்டணத்தில் விலக்கு உண்டு. ஆகவே இல்லம் மாதாமாதம் 'மருத்துவச் செலவு' என்று பில் போட்டால் ரசீது கேளுங்கள்.

வேலை செய்ய இயலாத ஓகேயுவுக்கான மாத உதவித்தொகை 2021இல் 250இலிருந்து 300 ரிங்கிட்டாக உயர்ந்தது. இலவசமாகப் பராமரிக்கும் இல்லத்தில் தங்குபவருக்கு அது கிடையாது. இடம் மாறினால் மாவட்ட நல அலுவலகத்திடம் எழுதிக் கொடுங்கள். எந்த இல்லத்திடமும் ஏடிஎம் அட்டையைக் கொடுக்காதீர்கள். மைகாட் எனும் அடையாள அட்டை, ஓகேயு கார்டு ஆகியவற்றின் மூலப் பிரதிகளைக் கொடுத்தால் கையெழுத்து வாங்குங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பிள்ளைக்கு 18 ஆனதும், அவர் பெயரில் உள்ள பணத்தையும் சொத்தையும் நிர்வகிக்கும் சட்ட அதிகாரம் பெற்றோருக்குத் தானாக வராது. 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, அவருக்கும் அவர் சொத்துக்கும் பொறுப்பாளராக நியமனம் பெற வேண்டும். செலவும் மாதக்கணக்கும் ஆகும். வீட்டை அவர் பெயரில் எழுதி வைக்குமுன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

அரசாங்க இல்லம் வேண்டுமென்றால் ஜேகேஎம்மின் தாமான் சினார் ஹராப்பான் உண்டு. பினாங்குக்காரர்களுக்குப் பக்கம் கெடாவின் பெடோங், ஜித்ரா. பிடிகே எனும் சமூக மறுவாழ்வு மையம் பகல் நேர மையம் மட்டுமே, இரவில் தங்க முடியாது.

உடம்பில் காயமோ, காரணமில்லாத எடைக் குறைவோ தெரிந்தால் முதலில் அரசாங்க மருத்துவமனை, அன்றே போலீஸ் புகார், பிறகு 15999 என்ற தாலியான் காசிஹ் உதவித் தொலைபேசி எண். மாவட்ட நல அலுவலகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் போலீஸ் புகார் எண்ணைக் குறிப்பிட்டு, உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை குத்தி வாங்கி வாருங்கள்.