இரண்டு வூஃபரை எப்படி இணைப்பது?

வீட்டில் ஸ்பீக்கர் பெட்டி செய்பவர்கள் மரம், பசை, வெனீர் என்று மாதக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். வயரை மட்டும் கடைசி நாள் அவசரத்தில் இணைத்துவிடுகிறார்கள். ஒரு பெட்டியில் இரண்டு வூஃபர், அதாவது பேஸ் என்ற தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர், வைப்பதாக இருந்தால் அந்த அவசரம் கூடாது.

ஆம்ப்ளிஃபயர் வாட்டைத் தள்ளுவதில்லை, வோல்டேஜைத் தருகிறது. எவ்வளவு கரண்ட் ஓடும் என்பதை ஸ்பீக்கர்தான் தீர்மானிக்கிறது. இது பிடிபட்டால் மீதியெல்லாம் எளிது. ஆம்ப் 8 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஓம் வூஃபர் ஒன்று இருந்தால் 1 ஆம்பியர் ஓடும், 8 வாட். அதே மாடலில் இன்னொன்றைப் பேரலலாக, அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் இரண்டுக்கும் முழு 8 வோல்ட் கிடைக்கும். இப்போது 2 ஆம்பியர், 16 வாட். ஆம்புக்கு இது 4 ஓம் சுமை.

சத்தம் 6 டெசிபெல் கூடும். அதில் 3 டெசிபெல் ஆம்ப் கூடுதலாகக் கொடுத்த வாட்டிலிருந்து வருகிறது. மீதி 3? அது காற்றிலிருந்து வருகிறது. 50 ஹெர்ட்ஸ் பேஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அந்த நீளத்தோடு ஒப்பிட்டால், அருகருகே இருக்கும் இரண்டு கோன்களும் (வூஃபரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பு) ஒரே பெரிய கோன்தான். ஒன்று உண்டாக்கும் காற்றழுத்தத்தை எதிர்த்து மற்றதும் தள்ளுவதால், அதே மின்சாரத்தில் கூடுதல் ஒலி பிறக்கிறது. ஸ்பீக்கர் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சீரிஸில், அதாவது ஒன்றின் மைனஸை அடுத்ததன் பிளஸ்ஸோடு கோத்து இணைத்தால் 16 ஓம். அரை ஆம்பியர்தான் ஓடும், ஒவ்வொன்றுக்கும் 4 வோல்ட். சத்தம் ஒற்றை வூஃபர் அளவுக்கே இருக்கும். ஆனாலும் வீண் இல்லை; அதே சத்தத்துக்கு ஒவ்வொரு கோனும் பாதி தூரம் அசைந்தால் போதும், ஒலியின் சிதைவு குறையும். நான்கு வூஃபர் இருந்தால் இரண்டிரண்டாக சீரிஸ் செய்து, அந்த இரு ஜோடிகளையும் பேரலலாகச் சேர்க்கலாம். திரும்பவும் 8 ஓம்.

சரி, 8 ஓம் வூஃபரை மல்டிமீட்டரில் வைத்தால் ஏன் 6 ஓம் அளவுக்குத்தான் காட்டுகிறது? மீட்டர் அளப்பது கோனை அசைக்கும் கம்பிச்சுருளின், அதாவது காயிலின், வெறும் மின்தடையை. பாட்டு ஓடும்போது காயில் காந்தத்துக்குள் அசைந்து, ஒரு சின்ன ஜெனரேட்டர் போல எதிர் வோல்டேஜை உண்டாக்குகிறது. கோன் மிக எளிதாக ஆடும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் இது உச்சத்துக்குப் போகும். 8 ஓம் வூஃபர் அங்கே 30 ஓமைத் தாண்டுவது சாதாரணம். வெவ்வேறு மாடல் வூஃபர்களை சீரிஸில் போடக் கூடாது என்பது இதனால்தான். இரண்டின் உச்சமும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்று 30 ஓம் காட்டும் சுருதியில் மற்றது 8 ஓமிலேயே நிற்கும், வோல்டேஜில் பெரும்பங்கை முதலாவது எடுத்துக்கொள்ளும். பேஸ் மேடும் பள்ளமுமாகக் கேட்கும்.

தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் சுற்றான கிராஸ்ஓவரிலும் ஓம் கணக்கு உண்டு. 2500 ஹெர்ட்ஸில் வூஃபரைப் பிரிக்க, ஒரே ஒரு காயில் கொண்ட எளிய முதல் படி கணக்கில் 8 ஓமுக்கு சுமார் 0.5 மில்லிஹென்றி காயில் (இது வூஃபருக்குள் இருப்பதல்ல, கிராஸ்ஓவரில் வைக்கும் தனிச் சுருள்) வேண்டும். வூஃபர் இரண்டாகி 4 ஓம் ஆனபிறகும் பழைய காயிலையே விட்டால், பிரியும் இடம் 1250 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ட்வீட்டர் தொடங்குவது 2500இல். நடுவில், பாடுபவரின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டிய பகுதியில், பள்ளம் விழும். காயிலையும் பாதியாக்க வேண்டும்.

அப்புறம் போலாரிட்டி, அதாவது பிளஸ், மைனஸ் மாறாமல் இணைப்பது. நான் முதலில் செய்த பெட்டியில் பேஸே வரவில்லை. மரத்தைக் குறை சொன்னேன், பெட்டிக்குள் அடைத்த பஞ்சைக் குறை சொன்னேன், இரண்டு வாரம் போனது. ஒரு வூஃபரில் வயர் மாறியிருந்தது. ஒரு கோன் தள்ளிய காற்றை அடுத்தது உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் பெட்டியை மூடும் முன் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை வூஃபர் முனைகளில் நொடி நேரம் தொட்டுப் பார்க்கிறேன். பேட்டரியின் பிளஸ் சிவப்பு முனையில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும். இரண்டும் சேர்ந்து வெளியே வந்தால் திருகை முடுக்கலாம்.